கைக்கடிகாரத் தொகையியல்: நோக்கும் போக்கும்

(எந்தப் பட்டத்துக்கும் அளிக்கப்படாத ஆய்வேட்டின் சுருக்கம்)

பாயிரம்

இத்தலைப்பை இதற்குமுன் எவரும் ஆராயவில்லை என்று சொல்லித் தொடங்குவது ஆய்வேட்டு மரபு. மரபை மீறும் துணிவு நமக்கில்லை. ஆகவே அறிக: ஒருவர் தம் மணிக்கட்டின் பொருட்டு வாட்சுகளைச் சேர்ப்பதும், சேர்த்ததைக் கழிப்பதும், கழித்ததை நினைத்து ஏங்கி அதையே கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்குவதும் பற்றித் தமிழில் இதுவரை எவரும் ஆராயவில்லை. ஆராயத் தகுதியற்ற பொருள் என்பது அதற்கொரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்துக்காக நம் நாட்டில் எந்த ஆய்வும் நின்றதில்லை.

ஆய்வு எல்லை: மேசை இழுப்பறை, பீரோவின் இரண்டாம் தட்டு, வீட்டார் அறியாத இன்னோர் இடம்.

கருதுகோள்: ஒருவருக்கு வேண்டிய வாட்ச் ஒன்றே.

ஆய்வின் நோக்கம்: மேற்படி கருதுகோளை எப்பாடுபட்டேனும் பொய்யாக்குதல்.

1. முன்னாய்வுகள்

முல்லைப்பாட்டில் பாசறை வருகிறது. அங்கே நீர்க்கடிகை பார்த்து அரசனுக்குப் பொழுது சொல்லும் நாழிகைக் கணக்கர் வருகிறார். அவர் கையில் வாட்ச் கட்டியிருந்ததாகப் பாட்டில் இல்லை. கட்டியிருக்கவில்லை என்றும் இல்லை. ஆய்வுலகுக்கு இது போதும். நாளுக்கு 60 நாழிகை, மணிக்கு 60 நிமிடம், இரண்டும் அறுபது. சுவிட்சர்லாந்து மலைநாடு, மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. ஆகவே வாட்ச் செய்தவர் யார் என்பது வெள்ளிடைமலை. இத்தகைய நிறுவல்களுக்கு இன்று கருத்தரங்குகளில் மேடையும், பதிவுக் கட்டணம் செலுத்தினால் ஆய்வுக்கோவையில் நான்கு பக்கமும், பொன்னாடையும், சாம்பார் சாதமும் தரப்படுகின்றன. கட்டுரையைப் படிப்பவர் மட்டும் தரப்படுவதில்லை.

அண்மைக்கால முன்னாய்வுகளுள் தலையாயது, “கை ரெண்டுதானேங்க இருக்கு?” என்பது (இல்லாள், வாய்மொழி, சமையலறை). ஒரே வரிதான். ஆனாலும் மாமியார், மகள், பால் போட வருபவர் எனப் பலராலும் எடுத்தாளப்பட்டு, மேற்கோள் எண்ணிக்கையில் இத்துறையின் மற்றெல்லா நூல்களையும் விஞ்சி நிற்கிறது. இதற்கு இன்றுவரை மறுப்புரை எழுதப்படவில்லை.

2. வகைப்பாடு

2.1. சாவி கொடுப்பவை. நாள்தோறும் காலையில் திருக வேண்டும். பழைய வாட்சுகளில் பெரும்பாலானவை மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். காதருகே வைத்தால் கேட்கும். இப்படிக் காதருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்பவரைத் தொகையாளர் என்று அடையாளம் காண்க.

2.2. ஆட்டோமேட்டிக். கை ஆடினால் ஓடும். அலுவலகத்தில் கையை அசைக்காதவர்களுக்கு ஆகாது.

2.3. குவார்ட்ஸ். 1969 டிசம்பர் 25 அன்று செய்கோ நிறுவனம் டோக்கியோவில் அஸ்ட்ரான் என்ற பெயரில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. இன்றைய குவார்ட்ஸ் வாட்சுகளில் கற்படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடி கிடைக்கும். மிகத் துல்லியமாக நேரம் காட்டும் என்பதால் தொகையாளர்கள் இவ்வகையை மதிப்பதில்லை.

2.4. டிஜிட்டல். கேசியோ எஃப்-91டபிள்யூ, 1989. மலிவு, இலேசு, ஒரு செல் பல்லாண்டு வரும். குறையே இல்லாமையால் ஆய்வுக்கு இடமில்லை.

2.5. ஸ்மார்ட் வாட்ச். இது வாட்ச் அன்று.

2.6. மைத்துனர் ஒருநாள் கட்டிக்கொண்டு தருகிறேன் என்று வாங்கிப் போனவை. கடல்கொண்ட நூல்கள் போலப் பெயரளவில் மட்டும் அறியப்படுபவை.

3. மூன்று சங்கங்கள்

தொகை என்றால் அதற்கு முன் சங்கம் வேண்டும். இந்தியக் கைக்கடிகாரத்துக்கும் சங்கம் மூன்று.

தலைச்சங்கம் பெங்களூரில் இருந்தது. 1953-இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, கோகினூர், காஞ்சன் எனப் பாடப்பட்டவை பல. இவற்றுள் ஜனதா அரசு ஊழியரின் முதற்சம்பளத்துக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் உரியது. காஞ்சன் பொன்முலாம் பூசியது. மாப்பிள்ளைக்குப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கப்பட்டது. சோனா மெலிந்தது, சட்டைக் கையின் பொத்தானுக்கு இடைஞ்சல் தராதது. டயலில் பெருமையாக அச்சிட்ட ‘17 ஜுவல்ஸ்’ என்பதைக் கண்டு மயங்கற்க. அவை சக்கரங்களின் உராய்வைக் குறைக்க வைக்கும் செயற்கை மாணிக்கக் கற்கள். அடகுக் கடையில் செல்லா.

இடைச்சங்கம் சென்னைப் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே உருவானது. ‘ஃபாரின் வாட்ச்’ என்ற அடைமொழிக்குத் தமிழ்நாட்டு நடுத்தர வீட்டில் இருந்த மரியாதைக்குச் சான்று தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. இச்சங்கத்தில் புலவர்க்கும் புரவலர்க்கும் இடையே ரசீது வழங்கும் மரபு வலுப்பெறவில்லை.

கடைச்சங்கம் ஓசூர். டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக 1984-இல் டைட்டனைத் தொடங்கின. சாவி கொடுக்கும் ஊரில் செல் போட்ட வாட்சைக் கொண்டுவந்து வென்ற சங்கம் இது. 2002-இல் 3.5 மி.மீ. மட்டுமே தடிமனுள்ள எட்ஜ் வாட்சை வெளியிட்டது. மெலிவில் சோனாவை வென்றதால் பழைய பக்தர்களிடம் இன்றும் ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு.

முற்சங்கங்களைக் கடல் கொண்டது என்பர். வாட்ச்சங்கத்தைக் கடல் கொள்ளவில்லை; 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை கொண்டது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட அன்று ஒப்புதல் தரப்பட்டது. மூடப் போகிறார்கள் என்ற செய்தி 2014-லேயே பரவியபோது, அதுவரை இழுப்பறையில் சேப்டிபின்னோடும் பழைய சாவிக்கொத்தோடும் கிடந்த ஜனதாக்கள் ஒரே இரவில் செவ்விலக்கியம் ஆயின. ஒரு நூல் வழக்கொழிந்த பின்தான் அதற்குப் பதிப்பாசிரியர்கள் தோன்றுவார்கள் என்பது பொது விதி.

4. மூலபாடவியல்: டயல் என்னும் ஏடு

இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை. மேலே சொன்னவற்றை அவசரமாகப் படித்தவர்கள் இங்கே நின்று படிக்க.

பழைய வாட்சின் டயல் ஓர் ஏடு. ஈரம் புகுந்தால் புள்ளி விழும். வெயில் பட்டால் வெள்ளை பழுத்து மோர்க்குழம்பு நிறம் பெறும். இதைக் கண்டு பொறாத உரிமையாளர் டயலைச் சுரண்டிப் புது வர்ணம் பூசி, எழுத்தை மறுபடி அச்சடித்து வாங்குகிறார். விளைவதுதான் பாடபேதம். கண்ணில் செருகும் லென்ஸை வைத்துப் பார்த்தால் ஆலையில் அச்சான எழுத்து விளிம்பு கூர்மையாக, மெல்லியதாக நிற்கும். பூசப்பட்ட டயலில் எழுத்து தடித்து, ஓரம் கசிந்து, கல்யாண வீட்டு வாசலில் அவசரமாகப் போட்ட கோலமாக இருக்கும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளுக்கு நேரே வந்து நில்லா. ஆறு மணிக்குக் கீழே விளிம்பை ஒட்டி இருக்க வேண்டிய பொடி எழுத்து காணாமலே போயிருக்கும். பொடி எழுத்தைத் திரும்ப எழுதும் பொறுமை பூசுபவருக்கு இல்லை. பதிப்பாசிரியர்களுக்கும் இல்லை என்பதை நாம் இங்கே சொல்லவில்லை.

இவ்விடைச்செருகலின் உச்சநிலை ‘மும்பை ஸ்பெஷல்’ என உலகத் தொகையாளர்களால் வழங்கப்படுகிறது. ஒரு வாட்சின் கூடு, இன்னொன்றின் இயந்திரம், மூன்றாவதன் முள், இவற்றின் மேல் ஆலை கனவிலும் காணாத கிளிப்பச்சை டயல். இதை வெளிநாட்டார் ஏளனம் செய்வது நம் உரைமரபை அறியாமையால். முல்லைப்பாட்டுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் பாட்டின் ஓரிடத்துச் சொல்லைப் பெயர்த்து நெடுந்தொலைவில் உள்ள இன்னொரு சொல்லோடு பூட்டி, அதற்கு ‘மாட்டு’ என்று பெயரும் சொன்னார். மறைமலையடிகள் தம் ஆராய்ச்சியுரையில் அதைக் கண்டித்தார். அடிகளின் வழிவந்தோர் டயலைத் தொடாதே என்பர். நச்சினார்க்கினியர் வழிவந்தோர் மும்பையில் கடை வைத்திருக்கின்றனர்.

4.1. புள்ளிச் சிக்கல்

நம் தொகையில் உள்ள ஜனதா ஒன்றில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே, டயலின் உள்வட்டத்தில், கருப்பாக ஒரு புள்ளி இருந்தது. வேறெந்தப் படியிலும் இப்புள்ளி இல்லை. ஓலைச்சுவடி எழுதியோர் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டனர். பின்னால் அச்சிட்டோர் வைத்தனர். ஆக, இல்லாத புள்ளி எப்படி வந்தது என்று கேட்பது தமிழாய்வில் பழகிய வேலை. டயலில் இப்புள்ளியை வைத்தவர் யார்?

முதற்கொள்கை: ஆலை வழு (மாமனார், சாய்வு நாற்காலி மரபு, மதிய உறக்கத்துக்கு முற்பட்ட பாடம்). எளிய கொள்கை, ஆகவே தள்ளுபடி.

இரண்டாம் கொள்கை: டயலில் அச்சிட்ட தொழிலாளர் தம் கையொப்பமாக இட்ட மறைகுறி (எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், ‘மாடிப்படிப் பேருரை’, மின்தடையால் நிறைவுறாதது; எஞ்சிய பகுதி அவர் துணைவியாரால் இட்டு நிரப்பப்பட்டது; இட்டு நிரப்பிய பகுதியே தரத்தில் மேலானது என்பது நம் துணிபு).

மூன்றாம் கொள்கை: புள்ளி நிற்கும் இடம் ஏழரை. திங்கட்கிழமை ராகு காலம் 7.30-க்குத் தொடங்குகிறது. எனவே இது திங்களன்று புது வேலை தொடங்காதிருக்க மக்களை எச்சரிக்கும் குறி. மற்ற ஆறு கிழமைகளுக்கான புள்ளிகள் எங்கே என்று வினவுவோர்க்கு விடை: அவை காலத்தால் அழிந்தன. அழிந்தன என்பதற்குச் சான்று, அவை இப்போது இல்லாமையே (காண்க: ‘உத்தரவாத அட்டை’, பின்பக்கம், பரண், இடப்புறம், அக்கா கல்யாண மொய் நோட்டுக்கும் உடைந்த இட்லிக் கொப்பரைக்கும் இடையே கண்டெடுக்கப்பட்டது, முதல் பாதி சிதைவு, இரண்டாம் பாதி கறை, பதிப்பாசிரியர் கரையான்).

நான்காம் கொள்கை மூன்றாவதை மறுப்பதற்காக மட்டும் எழுதப்பட்டது. ஆதலின் அதற்கு உள்ளடக்கம் இல்லை. பின்வந்த எல்லாரும் அதையே மேற்கோள் காட்டுகின்றனர்.

இந்நிலையில், பஸ் ஸ்டாண்டு மாடிப்படிக்குக் கீழே வாட்ச் பழுது பார்க்கும் பாயிடம் வாட்ச் கொண்டுசெல்லப்பட்டது. கொண்டுசென்றது புள்ளிக்காக அன்று, அது ஓடாததற்காக. பாய் லென்ஸைக் கண்ணில் செருகினார். பின்மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடாமல் திருப்பினார். முன்கண்ணாடியைக் கழற்றினார். ரப்பர் குமிழ் ஒன்றை எடுத்து இரண்டு முறை அமுக்கிக் காற்று விட்டார். புள்ளி பறந்தது.

“என்ன பாய் அது?”

“எறும்பு சார். கண்ணாடி லூசா இருக்குல்ல, உள்ள போயிருக்கு.”

புள்ளி தீர்ந்தது, சிக்கல் தீரவில்லை. இப்படியை இனி ‘புள்ளியிருந்த படி’ என வழங்குக. எறும்பு எக்காலத்தது, அது உள்ளே புகுந்த நாள் திங்கட்கிழமையா என்பவை வருங்கால ஆய்வாளர்க்கு விடப்படுகின்றன.

5. செம்மையாக்கம்

சேர்ப்பவன் தொகையாளன், கழிப்பவன் பதிப்பாசிரியன். தொகையைச் செம்மையாக்குவதற்கு இத்துறையில் வழங்கும் விதிகள் வருமாறு:

ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும். (வருவது முதலில் வரும். போவது பிறகு யோசிக்கப்படும்.)

ஒரே மாதிரி இரண்டு வைத்திருக்கலாகாது. (டயலின் வெள்ளையில் வேறுபாடு இருந்தால் அவை ஒரே மாதிரி அல்ல. வேறுபாடு பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது கட்டாயமில்லை.)

வாரை மாற்றினால் புது வாட்ச். இது 18, 20, 22 மி.மீ. என்ற அகலங்கள் அறிந்தோர்க்கு மட்டும் கிட்டும் சித்தி. நூறு ரூபாய் வாரைப் போட்டுப் புதிதாக ஒன்று வாங்கிய நிறைவை அடையலாம். வறுமையிற் செம்மை என்பது இதுவே.

‘30 மீட்டர் நீர் புகாது’ என்று முதுகில் எழுதியிருந்தால் அதை நம்பிக் கிணற்றில் குதிக்கலாகாது. அது ஆலையில் செய்யும் அழுத்தச் சோதனையின் கணக்கு. நடைமுறையில் கை கழுவலாம், தூறலில் நனையலாம், அவ்வளவே. எழுதியதற்கும் பொருளுக்கும் இத்தனை தொலைவு இருப்பது அணிந்துரைகளில் மட்டும்தான் என்று நாம் நினைத்திருந்தோம்.

இனி, விதிகளுக்குள் அடங்காதவை சில. ரோமன் எண்ணில் நான்கை எப்படிப் போடுவது? பெரும்பாலான ரோமன் டயல்களில் நான்கு கோடு. லண்டன் பிக் பென்னில் ஐந்துக்கு முன் ஒரு கோடு. இதுபற்றி எழுதத் தொடங்கினால் தனி ஏடாகும். வாசகர் நலம் கருதி விடுகிறோம்.

விளம்பரங்களில் ஏன் எப்போதும் பத்து மணி பத்து நிமிடத்தை ஒட்டியே முள் நிற்கிறது? பன்னிரண்டுக்குக் கீழே அச்சிட்ட நிறுவனப் பெயரை முள் மறைக்கக் கூடாதாம். ஆய்வுக்கு இடமின்றி விடை கிடைத்துவிட்டது, வருந்துகிறோம்.

விலை பற்றி ஒன்று. 2017-இல் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. கார்ப் பந்தயம் ஓட்டும் அவரைக் கவனமாக ஓட்டச் சொல்லி, மனைவி அதன் பின்மூடியில் எழுத்துப் பொறிக்க வைத்துத் தந்த வாட்ச் அது. இல்லாளின் வாசகம் மூலப்படியின் மதிப்பைக் கூட்டும் என்பது இதனாற் பெறப்படும். நம் இல்லத்திலும் இத்தகைய வாசகங்கள் நிறைய உண்டு. பொறிக்கத்தான் அத்தனை பெரிய வாட்ச் இன்னும் செய்யப்படவில்லை.

6. கண்டடைந்தவை

அ. தொகையாளர் மணி பார்ப்பது செல்போனில். வாட்சைப் பார்ப்பது வாட்சைப் பார்ப்பதற்காக.

ஆ. தொகையில் ஓடுபவை சில, ஓட வைக்கலாம் என்பவை பல.

இ. ‘இதுதான் கடைசி’ என்ற தொடர் இத்துறையில் இடைநிலைச் சொல்லாக வழங்குகிறது.

ஈ. கருதுகோள் பொய்யாகவில்லை. ஆய்வைத் தொடர நிதி நல்கை வேண்டப்படுகிறது. நல்கை ஒரு பழைய சோனாவாக இருந்தால் நலம்.

உ. ஏட்டைப் பற்றி எழுதுவோர் பலர். ஏட்டைத் திறந்து தூசி தட்டத் தெரிந்தவர் சிலர். இது வாட்சுக்கு மட்டும் பொருந்தும் என்று கொள்க.

7. வாசகர்க்கு ஒரு வேண்டுகோள்

இதுவரை சொன்னதில் பாதியை மறந்துவிடுங்கள். ஆனால் இதைச் செய்யுங்கள். உங்கள் வீட்டு பீரோவில் அப்பாவுடைய ஜனதாவோ தாத்தாவுடைய பைலட்டோ கிடந்தால், கையில் எடுத்த உடனே சாவியை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். காய்ந்த எண்ணெயோடு ஓடினால் பல்லும் அச்சும் தேயும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, கழற்றிக் கழுவி, எண்ணெய் போடச் சொல்லுங்கள். டயல் மங்கியிருக்கிறது, புதுசாகப் பெயின்ட் அடித்துத் தரட்டுமா என்று அவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மங்கலை யாரும் திரும்பச் செய்துதர முடியாது. கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் ஒரு சின்னப் பொட்டலத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், கடைத்தெரு முனையில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், அவர்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்க் கொடுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.